ஏசினது போதும், கோவம் என்னன்னு சொல்லு

ஜமீலா டீச்சர் இல்லை.

காலையில் பல் தேய்த்துக்கொண்டே போனைப் பார்த்தால், ஸ்டாஃப் குரூப்பில் டீச்சர் நம்பரிலிருந்து அவர் மகன் போட்டிருக்கிறார்... "உம்மா மவுத்தாயிட்டாங்க." வாயில் நுரையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

பதினோரு வருஷம் ஸ்டாஃப் ரூமில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவர் சயின்ஸ், நான் கணக்கு.

வகுப்பில் எவனாவது கெட்ட வார்த்தை பேசினால் நான் வெளியே நிற்க வைப்பேன். டீச்சரோ அவன் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்பார். "ஏலே, ஏசினது போதும். கோவம் என்னன்னு சொல்லு."

பையன் முழிப்பான். கடைசியில் வரும்... "என் டிபன் பாக்ஸத் தட்டி விட்டுட்டான் டீச்சர்." அவ்வளவுதான் விஷயம்!

ஒரு ஹெட்மாஸ்டர் புதிதாக வந்தார். பள்ளிக்குள் யாரும் 'லே' போடக் கூடாது, மரியாதைக் குறைவு என்று சர்க்குலர். திருநெல்வேலியில்!

டீச்சர் மீட்டிங்கில் எழுந்துவிட்டார். "சார், எங்க வாப்பா கடைசி வரைக்கும் எங்க தம்பிய 'ஏலே'ன்னுதான் கூப்பிட்டாங்க. அது ஏச்சுன்னா, பாசமா எப்படிக் கூப்பிட?" சர்க்குலர் அன்றைக்கே போர்டை விட்டு இறங்கியது.

இனி என் கதை. எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

வண்ணார்பேட்டையில் டயர் கடை வைத்திருக்கும் ஒருவரின் மகள் என் வகுப்பில் படித்தாள். பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் அவர் மூன்று தடவை கேட்டார். "சார், கணக்குப் பேப்பர்ல மார்க் கூட்டல் தப்பா இருக்கே?"

எனக்கு வந்ததே ஆத்திரம்... அவரை வாய்க்கு வந்தபடி ஏசி என் மச்சினனுக்கு ஒரு வாய்ஸ் நோட் போட்டேன். போய் விழுந்த இடம் அதே பெற்றோர் குரூப்.

அழித்தேன். அதற்குள் ஊரே கேட்டுவிட்டது. இந்த வாத்தியார் இருக்கக் கூடாது என்று அவர் நிர்வாகத்திடம் போய்விட்டார்.

மறுநாள் ராஜினாமா எழுதிக்கொண்டிருந்தேன். டீச்சர் எட்டிப் பார்த்தார். "சார், ஏசினது கெடக்கட்டும். ஒங்களுக்கு என்ன கோவம்?"

"கூட்டல் தப்பு என்னோடதுதான் டீச்சர். அவர் சொன்னது சரி."

"அத அந்தக் குரூப்லயே சொல்லுங்க. ஒங்க வாயால." கடிதத்தை வாங்கி நாலாகக் கிழித்துப் போட்டார்.

குரூப்பிலேயே வாய்ஸ் நோட் போட்டேன். தப்பு, மன்னிப்பு, இரண்டையும் சொன்னேன். வகுப்புக்குப் போய் எல்லோர் முன்னாலும் அந்தப் பிள்ளையிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

அவள் எழுந்து சொன்னாள். "எங்க அப்பாவும் வீட்டுல ஒங்கள நல்லா ஏசுனாங்க சார். சரிக்குச் சரி ஆயிட்டு."

வகுப்பே சிரித்தது. நானும்தான்.

மதியம் அவள் அப்பாவின் பதில் வந்தது. "சரி சார். பிள்ளையப் பாத்துக்கிடுங்க." நிர்வாகம் அதோடு விட்டுவிட்டது.

இன்று மேலப்பாளையத்தில் டீச்சர் வீட்டு வாசலில் ஒரே கூட்டம். யாரோ என் தோளைத் தொட்டார்கள். அந்த டயர் கடைக்காரர். "வாங்க சார், இங்கன நிழல்ல நில்லுங்க" என்று நகர்ந்து இடம் விட்டார்.

இரண்டு பேரும் ஒரே நிழலில் நின்றோம்.

டீச்சர்... நாளைக்கு முதல் பீரியட் எனக்கு டென்த் பி. வகுப்புக்குப் போகிறேன். நீங்கள் நிம்மதியாகத் தூங்குங்கள்.