டேங்குக்குள் மூன்று தட்டு

இது நடந்தது. நம்புங்கள் என்று ராஜையன் யாரையும் கெஞ்சுவதில்லை. கேட்டால் சொல்வார். சொல்லும்போது முகத்தில் ஒன்றுமே இருக்காது.

அஞ்சுகிராமம் பக்கம் சிரட்டையை எரித்து கேஸ் எடுக்கும் ஆலையில் அவர் ஃபிட்டர். தண்ணீரில் கழுவி வரும் கேஸில் ஈரத்துளி இருந்தால் என்ஜின் கெட்டுப்போகும். அதனால் கேஸை முதலில் ஓர் உயரமான இரும்பு டேங்குக்குள் விடுவார்கள். அதன் நடுவே மெல்லிய கம்பி வலையை அடுக்கிய மெத்தை. கேஸ் அதில் புகுந்து மேலே போய்விடும். துளிகள் கம்பியில் ஒட்டிக் கீழே சொட்டிவிடும்.

போன மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, அந்த மெத்தையைக் கழற்ற உள்ளே போனார். ஆலையை நிறுத்தி இரண்டு நாள். டேங்க் காய்ந்து கிடந்தது. வாசலில் சபிதா காவல்.

மணி 2:38. பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது.

தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்தது.

2:40. மெத்தைக்கு மேலே யாரோ தவழ்ந்தார்கள்.

சரக்... சரக்...

"சபிதா, மேல ஆரு?"

"ஒருத்தருமில்லண்ணே. மேல்மூடி போல்ட்டு போட்டு முறுக்கித்தான கெடக்கு."

மெத்தைக்கு மேலிருந்து ஓர் ஆண்குரல். "அத்தான்..."

அவரை அப்படிக் கூப்பிட ஒருவன்தான் உண்டு. மனைவி ரெஜிலாவின் தம்பி யோவான். அவன் கத்தாரில் இருந்தான்.

"அத்தான், ஒரே பொக. வாசலு எங்க?"

பயம் வரவில்லை. கையிலிருந்த ஸ்பேனரால் பக்கத்துச் சுவரில் தட்டினார்.

டக்... டக்... டக்.

"மக்கா, சத்தம் கேக்குத பக்கமா வா."

சரக்... சரக்...

தலைக்கு நேர் மேலே வந்து நின்றது.

ஒரு மூச்சு...

பிறகு அதுவும் இல்லை.

மாலை 6:20க்கு ரெஜிலா போன் செய்தாள். அழுகைக்கு நடுவே விஷயம் வந்தது. கத்தாரில் இதே மாதிரி ஒரு டேங்க். உள்ளே யோவான் மெத்தையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கம்பியில் படிந்திருந்த கந்தகத் துரு காற்றுப் பட்டுத் தானாகப் பற்றிப் புகைந்திருக்கிறது. அங்கே மணி 12:10. இங்கே 2:40.

பதினோராம் நாள் பெட்டி வந்தது. யோவானோடு டேங்குக்குள் இருந்த எட்சனும் கூடவே வந்தான். அடக்கம் முடிந்ததும் ராஜையனைத் தனியாக அழைத்தான்.

"வாசலு கிட்டத்துலதாண்ணே இருந்துது. நான் செவரத் தடவியே வந்து சேந்தேன். அவனும் என் பொறத்தாலதான் வந்தான். 'எங்க அத்தான் தட்டுதாரு'ன்னு சொல்லிட்டு எதுப்பக்கமா திரும்பிப் போயிட்டான்."

எட்சன் குரலைத் தாழ்த்தினான்.

"எனக்கும் கேட்டுதுண்ணே. மூணு தட்டு."