சிவபாதம் அண்ணை போடாத கையெழுத்து

செவ்வாய்க்கிழமை காலை வெள்ளவத்தைச் சந்தையில் மீன் பார்த்துக்கொண்டு நின்றபோது கொட்டாஞ்சேனையிலிருந்து அழைப்பு வந்தது. சிவபாதம் அண்ணையின் மனைவி, எனக்கு அக்கா. "அவர் விடியப் போயிட்டார், தம்பி" என்றார். மீன்காரன் எவ்வளவு வெட்ட என்று சிங்களத்தில் கேட்டுக்கொண்டே நின்றான். நான் தெருவுக்கு வந்துவிட்டேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வாகனங்களை மதிப்பிட்டு அறிக்கை கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் நாங்கள் பதினாறு வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். வெளிக்கூட்டுக்கு நான், எஞ்சினுக்கு அவர். பேக்கரிப் பாண் ஏற்றும் லொறி, சோடா லொறி என்று அந்தக்காலத்து வண்டிகளில்தான் அவருக்குப் பிரியம். எஞ்சினை மாற்றியிருந்தால் அவரிடம் தப்ப முடியாது. முதலில் எஞ்சினைத் தாங்கும் இரும்புக் கால்களைப் பார்ப்பார். புது வெல்டிங் தெரிந்தால் ஒரு "ம்". பிறகு சட்டைப் பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து, எஞ்சின் நம்பரின் மேல் பூசித் துடைப்பார். இலக்கங்கள் வெள்ளையாய்த் தெரியும். அரத்தால் தேய்த்த கீறல்களும், அடியில் கிடக்கும் வேறு நம்பரின் தடமும் கூடவே தெரியும். லொறிக்கும் பூசையோ என்று முதல் நாளே பகிடி பண்ணினேன். "பள்ளம் எங்க இருந்தாலும் திருநீறு போய் இருக்கும், ஐசே" என்றார்.

ஒருமுறை வத்தளைக்கு ஒரு பாண் லொறி பார்க்கப் போனோம். வாங்க இருந்தவர் பழைய வண்டிகள் சேர்ப்பவர். அசல் எஞ்சின்தானா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். நம்பர் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போனது. எனக்கு அது போதும். அண்ணை திருநீறு பூசிக் குனிந்து பார்த்தார். "நம்பர் சரி. எஞ்சின் வேற. பழைய நம்பரை இதில அடிச்சிருக்கினம்."

அசல் என்று எழுதிய அறிக்கையில் கையெழுத்திட மாட்டேன் என்றுவிட்டார். மேலிடம் அவசரப்படுத்தியது. இந்த மனிசன் எப்போதும் இப்படித்தான் இழுத்தடிக்கும் என்று எனக்கு எரிச்சல். என் கையெழுத்துக்குக் கீழே அவருடையதையும் நானே போட்டேன். நாசமாய்ப்போன கை.

வாங்கியவர் லொறியைக் கழற்றிப் பூட்டியபோது குட்டு வெளிப்பட்டது. விசாரணையில் தாளை அண்ணையின் முன் வைத்தார்கள். தேய்த்து அழித்த நம்பரையே கண்டுபிடிக்கிறவருக்குத் தன் கையெழுத்துத் தெரியாதா? நெடுநேரம் பார்த்தார். பிறகு, என்னைப் பார்க்காமல், "ஓம், நான் போட்டதுதான்" என்றார்.

எஞ்சின் அவருடைய பொறுப்பு என்று அன்றே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வாசலில் நான் ஏதோ சொல்லப் போனேன். "ஒண்டும் கதைக்காதையும். உமக்கு ரெண்டு பிள்ளையள். எங்களுக்கு ஆர்?" என்றுவிட்டு பஸ் ஏறினார்.

அதன்பிறகு ஒருவரும் அவரை வண்டி பார்க்கக் கூப்பிடவில்லை. எஞ்சின் மாறினதுகூடத் தெரியாதவர் என்று ஊரெல்லாம் பெயர். ஏழு வருடம் வீட்டுக்குள்ளேயே இருந்தார். ஒவ்வொரு தீபாவளிக்கும் உண்மையைச் சொல்லிவிடத்தான் கொட்டாஞ்சேனைக்குப் போவேன். அக்கா தந்த பலகாரத்தைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவேன். என் பிள்ளைகள் இருவரும் எப்போதோ கனடாவுக்குப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகும் எனக்கு வாய் வரவில்லை. நான் கோழை, வேறென்ன?

செத்த வீட்டில் அவருடைய நெற்றியில் பூசியிருந்த திருநீறு சுருக்கங்களுக்குள் இறங்கி வெள்ளையாய்த் தெரிந்தது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. "அவருக்கு உங்களில நல்ல விருப்பம். நினைவு மலருக்கு நீங்கள்தான் நாலு வரி எழுதித் தரவேணும்" என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

எழுதிவிட்டேன், அக்கா. இனி என் முகத்தில் விழிக்க வேண்டாம் என்றாலும் சரிதான்.

அண்ணை, அந்தக் கையெழுத்தை நீங்கள் போடவில்லை. நான் போட்டேன். இதன் கீழே என் பெயரில் என் கையெழுத்தையே போடுகிறேன். நீங்கள் பார்க்கமாட்டீர்கள். போய் வாருங்கள்.