உண்ணியும் இரண்டாவது ரத்தமும்

ஊரில் எல்லாரும் மாட்டு உண்ணியைப் பிடுங்கி நசுக்கிப் போடுவார்கள். அதையே பிடுங்கி, உயிர் போகாமல் கண்ணாடிக் குழாயில் வைத்துக் காப்பாற்றுவது என் வேலையாக இருந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. மலைமேல் நாயுடுபுரத்தில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு ஓட்டலில் சமையல் வேலை. எனக்கு இருபத்திரண்டு வயது, இடுப்பில் இரண்டு வயது மகள், படிப்பு ஐந்தாவது வரை. புது ஆளைப் பார்த்தால் வாய் ஒட்டிக்கொள்ளும். அப்போது கீழேயிருந்து ஒரு டாக்டரம்மா ஜீப்பில் வந்து, என்னை உதவிக்கு வைத்துக்கொண்டு, மலைக் கிராமங்களில் வரும் ஒரு காய்ச்சலை ஆராய்ந்துகொண்டிருந்தார். எலும்பு முறிகிற மாதிரி வலி, உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி. ஊர்க்காரர்கள் அதை அம்மை என்றார்கள். டாக்டரம்மா உண்ணி கடித்து வருவது என்றார்.

சொன்னால் போதுமா? ஒவ்வொரு காய்ச்சல்காரரிடமும் இரண்டு தடவை ரத்தம் எடுக்க வேண்டும். காய்ச்சலில் கிடக்கும்போது ஒன்று, தேறி மூன்று வாரம் கழித்து ஒன்று. இரண்டையும் ஒப்பிட்டு, இரண்டாவதில் அந்தக் காய்ச்சலை எதிர்க்கும் சத்து கூடியிருந்து உறுதியானால்தான் மலையிலிருந்த சின்ன ஆஸ்பத்திரிக்கு அதற்கான மாத்திரை வரும். மழைக்குள் முடியாவிட்டால் ஜீப் கீழே இறங்கிவிடும். அப்புறம் காய்ச்சல் வந்தவர்கள் வேப்பிலையோடு கிடக்க வேண்டியதுதான்.

சேலைக்குள் கால்சட்டை

நீளக் கம்பில் வெள்ளைக் கம்பளித் துணியைக் கட்டி, புல்மேல் மெதுவாக இழுத்துப் போக வேண்டும். ஏதோ ஆடு வருகிறதென்று உண்ணி துணியில் ஏறிக்கொள்ளும். நம் காலிலும் அதே நினைப்பில் ஏறும். அதனால் கால்சட்டை போட்டு, அதன் நுனியைக் காலுறைக்குள் செருக வேண்டும் என்பது டாக்டரம்மா கட்டளை. நானா கால்சட்டை போடுகிறவள்? அழாத குறை. கடைசியில் வீட்டுக்காரரின் பழைய காக்கிக் கால்சட்டையை மாட்டி, மேலே சேலையைக் கெண்டைக்கால் தெரியக் கட்டிக்கொண்டேன்.

அதைவிடப் பெரிய பாடு சாயங்காலம். மகள் ஓடி வருவாள். துணி மாற்றி, மடிப்பு மடிப்பாக உடம்பைப் பார்க்காமல் அவளைத் தொடக் கூடாது. கதவுக்கு அந்தப் பக்கம் அவள் அழ, இந்தப் பக்கம் நான் அக்குளைத் தடவிக்கொண்டு நிற்பேன். வேலைக்குப் போய்த் திரும்பிய தாய்மார்களுக்கு இந்தப் பாடு சொல்லாமலே விளங்கும். முதல் நாள் என் கோலத்தைப் பார்த்த மாமியார் பேத்தியைத் தூக்கிக்கொண்டு சொன்னார்: "மேல பாத்தா பொம்பளையா இருக்க, கீழ பாத்தா போலீஸ்காரனா இருக்க. புள்ள யாரைப் பாத்து அழுவுதுன்னு எனக்கே தெரியல."

கருப்பாயி அக்காவின் டப்பா

பேத்துப்பாறையில் கருப்பாயி அக்காவுக்குக் கொஞ்சம் பூண்டுக் காடும் நாலு மாடும் இருந்தன. "உண்ணி சேர்த்து வைங்கக்கா" என்று ஒரு நாள் தலையைக் குனிந்துகொண்டே சொல்லிவிட்டு வந்தேன். அதுவே எனக்கு அன்றைக்குப் பெரிய பேச்சு.

அடுத்த வாரம் போனால், அக்கா பவுடர் டப்பா நிறைய உண்ணியோடு வாசலில் நிற்கிறார். வீட்டு மாடு போதாதென்று அக்கம்பக்கத்து மாட்டையெல்லாம் பிடித்துக் கட்டிப் பிடுங்கியிருக்கிறார். டாக்டரம்மா ஆசையாகத் திறந்தார். உள்ளே எல்லாம் மண்ணெண்ணெயில் மிதக்கின்றன. உண்ணியைப் பிடுங்கினால் மண்ணெண்ணெயில் போடுவதுதானே ஊர் வழக்கம். உயிரோடு வேண்டும் என்று சொல்ல வேண்டியவள் நான். அந்தப் பாதியைச் சொல்வதற்குள் கூச்சப்பட்டுக் கிளம்பி வந்திருக்கிறேன். "உயிரோட வேணுமே" என்று டாக்டரம்மா என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். அக்கா டப்பாவைப் படக்கென்று மூடினார்: "உசுரோடதான் வேணும்னா எங்க மாட்டையே ஓட்டிக்கிட்டுப் போங்க. போற எடமெல்லாம் தானே உண்ணி பிடிச்சுக் குடுக்கும்."

வேப்பிலை கட்டிய வாசல்

மழை நெருங்கிக்கொண்டிருந்தது. அதுவரை மூன்று காய்ச்சல்காரர்கள் முதல் ரத்தம் கொடுத்திருந்தார்கள். தேறியபின் ஒருவரும் இரண்டாவதற்குக் கை நீட்டவில்லை. ஒரு நாள் வெள்ளனே பேத்துப்பாறை போனால், கருப்பாயி அக்கா வீட்டு வாசல் நிலையில் வேப்பிலை. அவர் வீட்டுக்காரர் சின்னச்சாமி அண்ணன் நாலு நாளாகக் கிடக்கிறார். அம்மை கண்ட வீட்டுக்குள் வெளியாள் வரக் கூடாது, மருந்து கொடுக்கவும் கூடாது. டாக்டரம்மாவை ஜீப்பிலேயே இருக்கச் சொல்லிவிட்டு நான் மட்டும் வாசலில் நின்றேன்.

திரும்பிவிடலாம் என்றுதான் கால் சொன்னது. உள்ளே அண்ணன் முனகும் சத்தம் கேட்டது. டப்பா விஷயத்தில் பாதி சொல்லி வந்ததும் ஞாபகம் வந்தது. வாயைத் திறந்தேன். "அக்கா, நான் உள்ள வரல. நீங்களே பாருங்க. முழங்கால் மடிப்பு, இடுப்பு மடிப்பு, காதுக்குப் பின்னாடி. எங்கயாவது கறுப்பாப் பொருக்குத் தட்டியிருக்கா?"

"மானங்கெட்ட எடமெல்லாம் கேக்குற" என்று முணுமுணுத்தபடி போனவருக்கு, வரும்போது முகம் மாறியிருந்தது. முழங்கால் மடிப்பில் துவரம்பருப்பு அளவுக்குக் கறுப்பாக ஒரு பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. அது உண்ணி கடித்த வாய் என்றேன். டாக்டரம்மா பையில் மாத்திரை இருக்கிறது, வெரசாகக் கொடுத்தால் தேறிவிடுவார் என்றேன். என் மகளுக்கு வந்திருந்தால் நானும் முதலில் வேப்பிலைதான் கட்டியிருப்பேன் என்றும் சொன்னேன். அவ்வளவு வார்த்தை எங்கிருந்து வந்ததோ.

அக்கா நிமிர்ந்து நிலையில் கட்டிய வேப்பிலையைப் பார்த்தார். அப்புறம் வாசலில் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார்: "வேப்பிலை கெடக்கட்டும், அவுக்க மாட்டேன். அந்த டாக்டரம்மாவைக் கால் கழுவிட்டு வரச் சொல்லு."

நல்ல ரத்தம்

டாக்டரம்மா அன்றைக்கே அண்ணனிடம் முதல் ரத்தம் எடுத்து மாத்திரை கொடுத்தார், மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. மூன்று வாரம் கழித்து, ஐஸ் நிறைத்த குடுவையோடு போனோம். சின்னச்சாமி அண்ணன் காட்டில் மண்வெட்டியோடு நின்றார். ஜீப்பைக் கண்டதும் கைகளைத் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார். "அன்னைக்கு இருந்தது கெட்ட ரத்தம், எடுத்தீங்க. இது நல்லது. இதை எதுக்குத் தரணும்?"

நியாயமான கேள்விதான். டாக்டரம்மா ஏதேதோ விளக்கினார், அண்ணன் தலையே நிமிரவில்லை. வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. நான் சேலைத் தலைப்பைத் தள்ளி என் கையை நீட்டி, "முதல்ல எனக்கு எடுங்கம்மா, அண்ணன் பாக்கட்டும்" என்றேன். ஊசி என்றால் எனக்கும் பயம்தான். கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது குழாயில் என் ரத்தம், அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது ஒண்ணு சரியா வந்தா, அடுத்தாப்புல படுக்கிறவங்களுக்கு இங்கயே மாத்திரை கெடைக்கும்ணே" என்றேன்.

அவர் கை அப்போதும் துண்டுக்குள்ளேயே இருந்தது. பின்னால் பூண்டுப் பல்லைப் பிரித்துக்கொண்டிருந்த கருப்பாயி அக்கா நிமிராமலே சொன்னார்: "சாகக் கெடந்தப்ப நீட்டுன கையைப் பொழைச்ச பெறகு ஒளிக்கிறீங்களே, அந்தச் சின்னப் பிள்ளைக்கு இருக்கிற ரோசம் உங்களுக்கு இல்லையா?"

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டு, கையை நீட்டினார்.

கீழேயிருந்து வந்த கடிதம்

நல்ல மழையில் கடிதம் வந்தது. டாக்டரம்மா எனக்காகப் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார். சின்னச்சாமி அண்ணனின் இரண்டாவது ரத்தம், முதலாவதைக் காட்டிலும் பல மடங்கு பலமாகப் பேசியதாம். உண்ணிக் காய்ச்சல்தானாம், சந்தேகமில்லையாம். சின்ன ஆஸ்பத்திரிக்கு மாத்திரை அனுப்புகிறார்களாம். மழை விட்டதும் ஜீப் திரும்ப வருமாம், கால்சட்டையைத் துவைத்து வைக்கச் சொல்லியிருந்தார்.

சொல்லிவர நானே பேத்துப்பாறைக்குப் போனேன், தனியாக, பஸ்ஸில். கருப்பாயி அக்கா முழுக் கடிதத்தையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். இரண்டாம் தடவையும் வாசிக்கச் சொன்னார். பிறகு கொட்டத்தில் கட்டியிருந்த மாட்டை ஒரு பார்வை பார்த்தார்: "ஒரு உண்ணிக்கா நாலு நாளு வேப்பிலை கட்டி, தாளிக்காம கொள்ளாம மரியாதை செஞ்சேன்?"

ஆளை நிமிர்ந்து பார்த்துப் பேசவே கூச்சப்பட்ட நான், அதன்பின் மூன்று வருஷம் ஊர் ஊராகப் போய் ஒவ்வொருவர் முழங்கால் மடிப்பையும் விசாரித்தே காலம் தள்ளினேன்.