அறுத்துப் போட்ட தூணடி

பக்கத்து வீட்டில் கதவுக்கு வார்னிஷ் அடிக்கிறார்கள். காலையிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அந்த வாசனை மூக்கில் ஏறினால் போதும், போளூரிலிருந்து பஸ் பிடித்துப் போன அந்தச் சிறு ஊரின் கடைத்தெருவும், ஜவ்வாது மலைக்காரர்கள் வந்து இறங்கும் புளி மண்டியும் கண்முன் நின்றுவிடும். இனிய நினைவு என்று நினைத்துவிடாதீர்கள்.

எண்பதுகளின் தொடக்கம். பஞ்சாயத்து யூனியனில் ஓவர்சியர் வேலை கிடைத்து எனக்கு ஆறு மாதம். ஓடு சரிந்து கிடந்த பழைய மண்டியை இடித்துவிடலாம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். எதிரில் களிக்கடை வைத்திருந்த கன்னியம்மா மட்டும் ஆபீஸ் வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"மண்டி இருந்தாத்தாங்க மலைக்காரங்க எறங்குவாங்க. அவங்க எறங்கலைன்னா இந்தத் தெருவுல எவன் வூட்டு அடுப்பு எரியும்?"

உண்மைதான். துணிக்கடை, பாத்திரக்கடை எல்லாம் மலைச்சனத்தை நம்பித்தான் இருந்தன. கடைசியில் கட்டடத்தைப் பழுது பார்த்து, தெருவுக்கு மறுபடி உயிர் கொடுப்பது என்று முடிவானது. பொறுப்பு என் தலையில். எனக்குத் தலைகால் புரியவில்லை. சட்டைப் பையில் இரண்டு பேனா குத்திக்கொண்டு திரிந்தேன்.

உள்ளே ஒன்பது மரத்தூண்கள். எண்ணெயும் மஞ்சளும் ஏறிக் கறுத்திருந்தன; தரைக்குள் புதைந்த பகுதி செல்லரித்திருந்தது. எல்லாவற்றையும் கழற்றி, அடியில் ஒரு முழம் அறுத்துத் தள்ளி, இழைத்து, வார்னிஷ் போட்டு, கல் பீடத்தின் மேல் நிறுத்தினேன். எது எங்கே இருந்தது என்று யார் பார்த்தது? அறுத்த கட்டைகளைக் கன்னியம்மா அடுப்புக்கு அள்ளிப் போனாள். பதிலுக்குக் களியும் கீரைக் கடைசலும் கொடுத்தாள். அப்படி ஒரு கடைசலை அதன் பிறகு நான் சாப்பிட்டதில்லை.

மாசியில் புளி இறங்கியது. முன்னால் வெள்ளையன் என்ற பெரியவர், பின்னால் தலையில் கூடையோடு முப்பது பேர். வாசற்படியிலேயே நின்றுவிட்டார்கள்.

"எங்க ஊரு தூணு எதுங்க?" என்றார் பெரியவர்.

"எதுவா இருந்தா இன்னாங்க? எல்லாம் தூணுதானே. உள்ள வாங்க" என்றேன். எவ்வளவு கொழுப்பு பாருங்கள்.

மண்டி கட்டியபோது ஒன்பது மலையூர்களும் ஊருக்கு ஒரு மரம் இறக்கித் தந்தனவாம். முதல் கூடையைத் தங்கள் தூணடியில் வைத்து, மஞ்சள் பூசிக் கும்பிட்ட பிறகுதான் விலை பேசுவார்கள். அடுத்த ஊர்த் தூணில் வைத்துவிட்டால் அந்த வருஷம் மரம் காய்க்காது என்று பயம். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

வெள்ளையன் ஒவ்வொரு தூணாகத் தடவிக்கொண்டே வந்து குனிந்தார். "அடியில எங்க ஊரு குறி வெட்டியிருக்குமே சாரு. அடி எங்க?"

கரண்டியோடு ஓடிவந்த கன்னியம்மா அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, அத நாந்தான அடுப்புல வெச்சேன்!"

பெரியவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "போய்ட்டு வர்றோம்ங்க" என்றார். வரவில்லை; மற்ற எட்டு ஊர்க்காரர்களும்தான். அடுத்த வருஷம் அடிவாரத்திலேயே லாரி வந்து நின்று புளியை ஏற்றிக்கொண்டது. பளபளவென்று மண்டி நின்றது, தெருவில் ஈ, காக்காய் இல்லை.

அதற்கடுத்த பொங்கலுக்குள் களிக்கடையை மூடினாள் கன்னியம்மா. ஈரத்தில் எரியாமல் மூலையில் கிடந்த ஒரே ஒரு கட்டையை என் கையில் கொடுத்து, "நீங்களே வெச்சுக்கங்க சாரு" என்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

மண்டியையும் பிறகு இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே செல்போன் கடைகள். கட்டை மட்டும் என் மேசைக்கடியில் இருக்கிறது. ஒரு பிறையும் மூன்று கோடும் வெட்டிய கட்டை. போன மாதம் அதைப் பையில் போட்டுக்கொண்டு மலையேறினேன். ஒன்பது ஊரிலும் காட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"இன்னா சார் இது?" என்று கேட்டார்கள்.