பின்பாரம்

குதிரை வண்டியில் ஏறினால் முன்பாரம், பின்பாரம் பார்த்துத்தான் உட்கார வேண்டும். இரண்டே சக்கரம், நடுவில் அச்சு. பின்பக்கம் பாரம் கூடினால் தராசுத் தட்டுபோல முன்பக்கம் மேலே போகும். இரண்டு ஏர்க்கால்களுக்கு நடுவே கட்டிய குதிரையும் கூடவே போகும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்குப் பெண் பார்ப்பதற்காக வடமதுரை ஸ்டேஷனில் இறங்கினோம்: அப்பா, அம்மா, நான், அப்பாவின் அக்கா. போட்டோவைப் பார்த்தபோதே எனக்குச் சம்மதம். ஆனால் அத்தை தலையசைக்க வேண்டும். அதற்கு முன் பார்த்த இரண்டு இடங்களை, ஒன்றில் பெண்ணின் நடை சரியில்லை என்றும் மற்றதில் காபி ஆறியிருந்தது என்றும் தட்டிக்கழித்தவர்.

அத்தைக்குக் கனத்த உடம்பு. வண்டியின் பின்வாசலிலேயே பழத்தட்டோடு உட்கார்ந்துகொண்டார்.

“அம்மா, செத்த முன்னால தள்ளி உக்காருங்க. பின்பாரமா இருக்கு,” என்றார் வண்டிக்காரர்.

“குதிரை வாலைப் பாத்துக்கிட்டு வரவா பட்டுச்சேலை கட்டியிருக்கேன்? வண்டிய விடப்பா.”

வேறு வழியில்லாமல் வண்டிக்காரர் என்னை முன்னால் அழைத்துத் தம் பக்கத்தில் உட்கார வைத்தார். வண்டி சமனாகி ஓடியது.

பெண் வீட்டு வாசலில், “மாப்பிள்ளைதான் மொதல்ல எறங்கணும். அதான் முறை,” என்று பெண்ணின் அப்பா கையை நீட்டினார். முறையை மீறலாமா? குதித்தேன். கடிவாளத்தைப் பிடிக்க வண்டிக்காரரும் இறங்கினார். அடுத்த கணம் ஏர்க்கால்கள் வானத்தைப் பார்த்தன. குதிரை முன்னங்கால்களைக் காற்றில் உதைத்தது. அப்பாவும் அம்மாவும் சறுக்கிப்போய் அத்தைமேல் சாய்ந்தார்கள். பழத்தட்டு மட்டும் அவர் மடியில் அப்படியே இருந்தது.

எல்லோரும் அத்தையை இறக்கப் பின்னால் ஓடினார்கள்.

“எறக்கிராதீங்க! குதிரை பொத்துன்னு விழுந்துரும்!” என்று கத்தினார் வண்டிக்காரர்.

உள்ளே அலங்காரத்தோடு காத்திருக்க வேண்டிய பெண், ஓடிவந்து ஓர் ஏர்க்காலைப் பிடித்துத் தொங்கினாள். வண்டி அசையவில்லை. என் பக்கம் திரும்பி, “பாத்துக்கிட்டு நிக்கிறீகளே! அந்தப் பக்கம் நீங்க தொங்குங்க,” என்றாள்.

எங்கள் முதல் பேச்சு அதுதான். தொங்கினேன். குதிரை மெல்லத் தரைக்கு வந்தது.

காபி வந்தது. அத்தை கேட்டார்:

“ஏம்மா, என்னையத் தூக்க வராம குதிரையப் பிடிக்கப் போனியே?”

“நீங்க உக்காந்துதான இருந்தீங்க, அத்தை. அதுதான தொங்குச்சு.”

பெண்ணின் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அத்தை இன்னொரு காபி கேட்டார்.

திரும்பும்போது, யாரும் சொல்லாமலே அத்தை முன்னால் போய் வண்டிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அம்மா, இப்ப முன்பாரமா இருக்கே. செத்த பின்னால...”

“அதெல்லாம் கல்யாணத்துக்கு வர்றப்பப் பாத்துக்கலாம். வண்டிய விடப்பா.”