பார்த்தது, கேட்டது

சரித்திர டீச்சர் வகுப்புக்குள் நுழைந்ததும் கரும்பலகையின் நடுவில் ஒரு கோடு இழுப்பார். இடப்பக்கம் ‘பார்த்தது’, வலப்பக்கம் ‘கேட்டது’. பத்தொன்பது வருடப் பழக்கம். பிள்ளைகள் வைத்த பெயர் கோடு டீச்சர். பாலத்துக்கு இந்தக் கரைப் பிள்ளைகளும் அந்தக் கரைப் பிள்ளைகளும் ஒன்றாக உட்காரும் பள்ளிக்கூடம் அது ஒன்றுதான். யார் எதைச் சொன்னாலும் டீச்சர் விடமாட்டார்: “நீ பார்த்ததா, கேட்டதா?”

அன்று கடைசி பெஞ்சில் வாய்ச்சண்டை.

“பாலத்துச் சண்டையில உங்க ஆளுங்கதான்டா முதல் கல்லு விட்டது.”

“போடா, உங்க மாமாதான்.”

இரண்டு கரைக்காரர்களும் பாலத்தில் கல்லெறிந்துகொண்ட அந்தச் சண்டை நடந்தபோது இருவரும் பிறக்கவே இல்லை. டீச்சர் சாக்பீஸை நீட்டினார். “வந்து எழுதுங்க.”

இருவரும் வலப்பக்கம் எழுதினார்கள். அப்புறம் வகுப்பே எழுந்துவந்து எழுதியது. இடப்பக்கம் காலி.

“நீங்க அப்போ இருந்தீங்கல்ல டீச்சர்? நீங்க எழுதுங்க” என்றாள் முன்பெஞ்சுக்காரி.

டீச்சரின் அண்ணனுக்கு வலது கண் போனது அந்தச் சண்டையில்தான். அந்தக் கரையிலிருந்து கல் வந்த கதையை, நேரில் நின்றவர்போலக் கண் காது மூக்கு வைத்து டீச்சர் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். கல் விழுந்த நேரத்தில் டீச்சரோ வீட்டில், கட்டிலுக்கடியில் இருந்தார்.

சாக்பீஸை வாங்கி வலப்பக்கம் எழுதினார்: ‘கல் அந்தக் கரையிலிருந்து வந்தது.’ இடப்பக்கம்: ‘அண்ணன் முகத்தில் ரத்தம்.’

செய்தி டீச்சருக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்தது. அண்ணன் செருப்பைக் கழற்றக்கூட விடவில்லை.

“என் கண்ணு போனது வெறும் கேள்விப்பட்ட கதைன்னு எழுதிட்டியாமே?”

“கண்ணு போனதைப் பார்த்தேன். கல்லு வந்ததைப் பார்க்கலண்ணா.”

“கூடப் பிறந்தவ பேசுற பேச்சா இது? நாமதான் வம்பை இழுத்தோம்னு ஊரு சொல்லும்.”

“சொல்றவங்களையும் கேப்பேன், பார்த்ததான்னு.”

மூன்று நாள் பேச்சில்லை. அண்ணன் சோற்றைத் தானே போட்டுக்கொண்டு, பின்கட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார். டீச்சருக்கு இருந்த உறவு அவர் ஒருவர்தான். ஆனாலும் வகுப்பில் கோடு இழுப்பதை நிறுத்தவில்லை.

நான்காம் நாள் டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது அண்ணன் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“நானும் பார்க்கல.”

“எதை?”

“கல்லைத்தான். பார்த்திருந்தா குனிஞ்சிருக்க மாட்டேனா?”

டீச்சர் பேனாவை மூடிவைத்தார். “இதை நாளைக்குப் பலகையில எழுதட்டுமாண்ணா?”

அண்ணன் கலைந்துகிடந்த விடைத்தாள்களை அடுக்கிவைத்தார்.

“எழுது. ‘கேட்டது’ல எழுது. என்கிட்ட கேட்டதுதானே.”