சாய்தளம் இருக்கிறது, சாவி இல்லை: ஓர் ஏரிப் பூங்காவைச் சுற்றி

இந்தப் பூங்காவைப் பற்றி இணையத்தில் ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஏரியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், பறவைகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், குழந்தைகளின் ஊஞ்சலைப் பற்றிக்கூட எழுதியிருக்கிறார்கள். வாசல் கேட்டைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. ஆகவே நான் எழுதுகிறேன். பூங்காவின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் கேட்டில் நிற்கும் அண்ணனின் வேலைதான் போகும், பூட்டு அப்படியே இருக்கும். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் திருச்சிப் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்து சேக்காட்டில் குடியேறியவர்கள். மூன்றாவது மாடி. என் கணவர் முரளிக்கு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. போன வருடம் நசரத்பேட்டை அருகே அவருடைய பைக்கை ஒரு லாரி இடித்தது. முதுகுத்தண்டில் அடி. இப்போது சக்கர நாற்காலி, வீட்டிலிருந்தே வேலை. அதற்குப் பிறகு மருத்துவமனைக்கும் பிசியோதெரபிக்கும் போனதைத் தவிர அவர் வாசலைத் தாண்டியதே இல்லை. இரண்டு முறை மின்சாரம் போய் லிஃப்ட் நின்றபோது, பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலு பேர் அவரை நாற்காலியோடு தூக்கி, பீரோவை இறக்குவது போல மாடிப்படியில் இறக்கினார்கள். நல்ல மனிதர்கள்தான். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

இந்த ஜனவரியில்தான், எங்கள் ஆறு வயது மகள் யாழினி கெஞ்சிக் கெஞ்சி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வெளியே வரச் சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"யாரும் என்னைத் தூக்கக் கூடாது, கவி. அது முடியும்னா வர்றேன். இல்லேன்னா இனிமே என்னைக் கூப்பிடாத."

நான் ஒரு வாரம் இணையத்தில் தேடினேன். இந்தப் பூங்காவின் படம் ஒன்றில் கைப்பிடி வைத்த அழகான சாய்தளம் இருந்தது. அதன் தரையில் சக்கர நாற்காலிப் படம் நீல நிறத்தில் வரையப்பட்டிருந்தது. "குடும்பத்தோடு வந்து மகிழுங்கள்" என்ற பலகையும் தெரிந்தது. இதுதான் இடம் என்று முடிவு செய்தேன்.

காலை ஆறேகாலுக்குக் கிளம்பினோம். ஆட்டோ 180 ரூபாய், தூரம் ஏழு கிலோமீட்டர். முரளி ஒரு பலகையைச் சாய்த்து, கைகளை ஊன்றி, தானாகவே நாற்காலியிலிருந்து ஆட்டோ சீட்டுக்கு நகர்ந்துவிடுவார். ஐந்து நிமிடம் ஆகும், அவ்வளவுதான். டிரைவர் இறங்கி வந்தார். "கை குடுக்கணுமா சார்?" என்று அவரையே கேட்டார். வேண்டாம் என்றதும், "சரி சார், நிதானமா ஏறுங்க, நமக்கு இன்னா அவசரம்" என்று சொல்லிவிட்டு நாற்காலியை மடக்கிப் பின்னால் கட்டினார். வழியெல்லாம் முரளி யாழினிக்குக் கடைப் பலகைகளைப் படித்துக் காட்டிக்கொண்டு வந்தார். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது, உண்மையாகவே.

ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் இறங்கினோம். நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு 10, குழந்தைக்கு 5. மூன்று டிக்கெட்டையும் கிழித்துக் கொடுத்த பிறகுதான் வழியைப் பார்த்தேன். பைக் உள்ளே வராமல் இருக்க, இரும்புக் குழாய்களை வளைத்து நெளித்து நட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு ஆள் உடம்பை ஒருக்களித்துக்கொண்டு போகலாம். பக்கத்திலேயே பெரிய கேட். படத்தில் பார்த்த சாய்தளம் அந்தக் கேட்டுக்குத்தான் ஏறுகிறது. கேட்டில் ஒரு கை அளவுக்குப் பூட்டு. படம் எடுத்தவர் அதை மட்டும் விட்டுவிட்டு எடுத்திருக்கிறார்.

"அண்ணா, இந்தக் கேட்டைத் திறங்களேன்" என்றேன்.

"அத்த தொறக்க முடியாதுக்கா" என்றார் கேட்டில் இருந்தவர். "தொறந்தா பசங்க பைக்க ஓட்டிகினு உள்ள பூந்துடுவானுங்கோ. சாவி சூப்ரைசர் கைல கீது. அவுரு கல்யாணத்துக்குப் போய்கீறாரு."

"அப்புறம் எதுக்கு இந்தச் சாய்தளம்?"

"அது ஆபீசருங்கோ இன்ஸ்பெக்சனுக்கு வந்தப்ப கட்னதுக்கா."

திரும்பிப் போய்விடலாம் என்று முரளி சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அவர்கள் வந்தார்கள். ஒரே நிறப் பனியன் போட்ட நடைப்பயிற்சிக்காரர்கள், நாலு பேர். "என்னம்மா பிரச்சனை?" என்று என்னைக் கேட்டார்கள். "சார் என்ன வெயிட் இருப்பாரு?" என்றும் என்னைத்தான் கேட்டார்கள். "வேணாங்க, அவருக்குப் பிடிக்காது" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துவிட்டார்கள். ஒருவர் "ஒன், டூ, த்ரீ" என்றார். முரளி குழாய்களுக்கு மேலே போய், அந்தப் பக்கம் இறங்கினார். ஐந்தாவதாக ஒருவர் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

இனி ஏரியைப் பற்றி. ஏரி அழகாகத்தான் இருக்கிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். சுற்றுப்பாதை இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். முதல் பாதி சமமான கல் பதித்த பாதை, மறுபாதி கொஞ்சம் மேடுபள்ளம். கூழைக்கடாக்கள், நீர்க்காகங்கள், கரையோரம் ஆகாயத்தாமரை, சாக்கடை கலக்கும் மூலையில் நாற்றம். குழந்தைகள் விளையாடும் இடத்தில் "ஓடாதீர்கள், பந்து விளையாடாதீர்கள், சத்தம் போடாதீர்கள்" என்று பலகை. எட்டு வடிவ நடைபாதையும் உண்டு. அதைச் சுற்றிப் படிக்கட்டு.

எல்லோரும் ஒரே திசையில்தான் நடக்கிறார்கள். எதிரே வந்தால் திட்டு விழும். அதனால் நடப்பவர்கள் எல்லோரும் எங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும் ஒவ்வொருவரும் ஏதாவது சொன்னார்கள். "சூப்பர் சார்." "மனச மட்டும் விட்றாதீங்க." "நமக்கு மேல ஒருத்தன் இருக்கான் சார்." நீலப் பனியன்காரர் ஒருவர் இரண்டாவது சுற்றிலும் அதையே சொல்லிவிட்டுப் போனார். முரளி எல்லோருக்கும் தலையாட்டினார். யாழினி காட்டிய பறவைகளை அவர் பார்த்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

காலை நேரம் ஒன்பது மணியோடு முடிகிறது. மறுபடி நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். ஒன்பதுக்கு விசில் ஊதினார்கள். கேட்டுக்குப் பத்தடி முன்னால் முரளி சக்கரத்துக்கு பிரேக் போட்டார்.

"சார், டைம் ஆயிட்ச்சு. நாலு பேர் கீறாங்க, தூக்கி வுட்ருவாங்க. அவுங்களும் போய்ட்டா ஆள் கெடைக்காது சார்" என்று கேட்டுக்காரர் கெஞ்சினார்.

"தூக்க வேணாம். சாவி வரட்டும்."

"சாவி சாயங்காலந்தான் வரும்."

"சாயங்காலம் வரைக்கும் இருக்கேன். உங்க மேல கோபம் இல்லண்ணே. போன் போட்டு மட்டும் சொல்லிடுங்க."

காலையில் தூக்கிய நாலு பேரில் மூத்தவர் என் பக்கம் திரும்பி, "ஹெல்ப் பண்ண வந்தா ஈகோ காட்றாரும்மா உங்க வீட்டுக்காரரு. நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு வாயில் வந்ததைச் சொல்லியிருப்பேன். யாழினி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நாலு பேரும் போய்விட்டார்கள். நாங்கள் மூவரும் வெயிலில் உட்கார்ந்தோம்.

அரை மணி கழித்து வெளியே ஹாரன் கேட்டது. கேட்டுக்காரர் ஓடினார். கல்யாணத்துக்குப் போன சூப்பர்வைசர் வந்திருந்தார். அவருடைய பைக் சாவிக் கொத்திலேயே கேட்டின் சாவியும் தொங்கியது. பூட்டைத் திறந்து, இரண்டு கதவையும் அகல விரித்து, சாய்தளத்தின் மேல் பைக்கை ஓட்டி உள்ளே வந்து, மர நிழலில் நிறுத்தினார். "இதுக்கா இவ்ளோ கலாட்டா? நேத்தே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஏற்பாடு பண்ணியிருப்போமே" என்றார். முரளி தன் கையாலேயே சக்கரத்தைத் தள்ளி, அந்தச் சாய்தளத்தில் இறங்கி வெளியே போனார். எங்களுக்குப் பின்னால் மறுபடி பூட்டும் சத்தம் கேட்டது.

போக நினைப்பவர்களுக்குச் சில தகவல்கள். ஆவடி ரயில் நிலையத்திலிருந்து ஆட்டோ கிடைக்கும், பேரம் பேசுங்கள். உள்ளே குடிநீர் இல்லை, எடுத்துச் செல்லுங்கள். சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை, வாசலில் சுண்டல் 20 ரூபாய். கழிப்பறை சுத்தமாக இருக்கிறது, ஆனால் வாசலில் இரண்டு படி. ஞாயிறு காலை கூட்டம் அதிகம், வார நாட்கள் மேல். சக்கர நாற்காலியில் இருப்பவரோடு போகிறீர்கள் என்றால், பூங்கா எப்படி இருக்கிறது என்று கேட்காதீர்கள், சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். நடைப்பயிற்சிக்குப் போகிற நல்லவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தூக்கலாமா என்று நாற்காலியில் இருப்பவரிடம் கேளுங்கள். அவருக்குக் காது கேட்கும்.

அன்று வெளியே வந்தபோது ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். அடுத்த ஞாயிறும் கூட்டிவரலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். மறுநாள் அந்த வீடியோ எங்கள் குடியிருப்பு வாட்ஸப் குழுவுக்கே வந்து சேர்ந்தது. "மனிதநேயம் இன்னும் சாகவில்லை" என்று தலைப்பு, கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். முரளி ஒரே ஒரு முறை பார்த்தார். தூக்கிக்கொண்டு போகும்போது அதில் அவர் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

"பூட்டி வச்சதைக்கூட விட்டுடுவேன்" என்றார். "நான் ஏன் கவி சிரிச்சேன்?"

அதற்குப் பிறகு அவர் எங்கேயும் வரவில்லை. அந்த வீடியோவில் அவருக்குப் பின்னால் நான் நிற்கிறேன். அந்த நாலு பேரையும் பார்த்துக் கைகூப்பி நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதைப் பற்றி மட்டும் அவர் என்னிடம் இன்றுவரை ஒன்றும் கேட்கவில்லை.